வாலெலும்பும் சென்மப் பாவமும்

எலும்புக்கூட்டுப் படத்தை ஆணியில் மாட்டிவிட்டு, பிரம்பால் மேலிருந்து கீழாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன். மண்டையோடு, தாடை, விலா, முதுகெலும்பு. அடியில் வந்து, "இது வாலெலும்பு" என்றபோது நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், நமக்குத்தான் வாலே கிடையாதே. அப்புறம் ஏன் அதுக்கு வாலெலும்புன்னு பேரு?"

"முன்னே இருந்தது" என்றேன்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். கேள்வி கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. மீதிப் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். அப்படி நிற்கிற பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த எலும்புக்குப் போக எனக்கு வராது. அதனால் சொன்னேன். உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்து வந்தன, நாமும் அந்த மரத்தில் ஒரு கிளை, வால் தேய்ந்து போய் இந்தச் சிறு எலும்பு மட்டும் மிச்சம் என்றேன். மணி அடித்தது. பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இது முப்பதுகளின் தொடக்கத்தில், சாந்தோமில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில். நான் அங்கே உடற்கூறும் சுகாதாரமும் கற்பித்தேன். எங்கள் பங்கிலிருந்து, அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த சனங்களிலிருந்து, காலேஜுக்குப் போய் ஜந்து சாஸ்திரத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். பட்டம் வாங்கிய வாரம் பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே அதைச் சொன்னார். பூசை முடிந்து வெளியே வந்தால் கோவில் வாசலில் மாலையோடு பெண்கள் நின்றார்கள். அந்த மாலையைப் போட்ட கைகளைத்தான் பிறகு வேறு வேலையில் பார்க்க நேர்ந்தது.

கேள்வி கேட்ட பெண்ணின் அத்தை எங்கள் பங்கின் மாதா சபையில் பெரியவள். பிள்ளை வீட்டில் போய் ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். அத்தை வாயிலிருந்து அது மாதா சபைக்குப் போயிற்று. சனிக்கிழமை செபமாலைக்குக் கூடியவர்கள் அதை வீட்டுக்கு வீடு எடுத்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்கு முழுக்க நான் 'வால் டீச்சர்'. கோவிலுக்குள் நான் உட்கார்ந்த பெஞ்சில் இருந்த பெண்கள் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தார்கள். வீடு திரும்பினால் கேட்டில் வாழைப்பழத் தோலைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அவிழ்த்து எறிந்தேன். மறுநாளும் இருந்தது.

மீன் கூடையோடு வாசலுக்கு வருகிறவள் கேட்டாள்: "இன்னாம்மா, உனக்கு வாலு கீதாமே? கோயிலாண்ட எல்லாரும் அதான் பேசிக்கினு கீறாங்க."

"எனக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும் எப்பவோ இருந்துது. இப்ப எலும்புதான் மிச்சம்."

"எலும்புதானா? என் வூட்டுக்காரனைப் பார்த்தா முழுசாவே கீது போலகீதே!"

அந்த வாரத்தில் பகையில்லாமல் என்னோடு பேசிய ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவே. மீனைக் கூறு போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

தலைமைக் கன்னியாஸ்திரி என்னை அழைத்தார். ஐரிஷ்காரர். ஆங்கிலத்தில்தான் பேசுவார். அவர் பேசியதைத் தமிழில் சொல்கிறேன். மேசைமேல் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு அதே வகுப்பில் நின்று, நான் சொன்னது தவறு என்று நீ சொல்ல வேண்டும்" என்றார்.

"வகுப்பில் சொல்லியிருக்க வேண்டாம் என்றால் அதை ஒப்புக்கொள்கிறேன், மதர். சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியாது."

"அது உண்மையா பொய்யா என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை."

"பிள்ளைகள் கேட்பார்களே."

"இனிமேல் உன்னைக் கேட்கமாட்டார்கள்" என்றார். மறுநாளிலிருந்து எனக்குத் தையல் வகுப்பு. எனக்கு ஊசியில் நூல் கோக்கவே சரியாக வராது என்பது அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார்கள். என் வகுப்பை எடுத்துக்கொண்டவள் எனக்குத் தோழியாக இருந்தவள். ஒருநாள் அவள் வகுப்பறையைக் கடந்து போகும்போது எட்டிப் பார்த்தேன். எலும்புக்கூட்டின் இடுப்புக்குக் கீழே பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெட்கப்பட வேண்டிய இடத்தை மூடியதுபோல, அந்த ஒரு எலும்பை மூடியிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளிப்பகையை நான் தாங்கியிருப்பேன். வீட்டுக்குள் இருந்ததுதான் ஆளைத் தின்றது. அம்மா நான் காலேஜில் இருந்தபோதே இறந்துவிட்டாள். தங்கைக்குக் கல்யாணமாகி ஆழ்வார்பேட்டையில் இருந்தாள், முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு. வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா பங்குப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிறுபிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். அந்த ஞாயிறு பிள்ளைகள் அவரிடமே கேட்டிருக்கிறார்கள்: "வாத்தியாரய்யா, ஆதாமுக்கு வால் இருந்துச்சா?"

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இத்தனை வருஷமா நான் கொழந்தைங்களுக்கு ஆதாம் ஏவாளைச் சொல்லிக் குடுத்துக்கிட்டு வரேன். அப்போ நான் பொய் சொல்லிக்கிட்டு வரேன்னு சொல்றியா?"

"இல்லப்பா. மனுஷனை ஆண்டவர் மண்ணுலேர்ந்து உண்டாக்கினாருன்னு நீங்க சொன்னீங்க. நானும் அதைத்தான் சொல்றேன். எத்தனை காலம் ஆச்சு, எந்த வழியா வந்தோம்னு மட்டும்…"

"என் பாடத்துக்கு நீ எனக்கு உரை சொல்லாதே."

"நீங்கதானே என்னைப் படிக்க அனுப்பினீங்க?"

"படிக்க அனுப்பினேன். என்னைக் குரங்காக்கறதுக்கு அனுப்பல."

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. கோபம் தணியும்வரை என்றுதான் நினைத்தேன். மாதங்கள் போயின. ஏதாவது வேண்டுமென்றால் கூடத்தைப் பார்த்துச் சொல்வார்: "காபி போட்டா தேவலை." நான் போட்டு வைப்பேன். நான் சமையலறைக்குத் திரும்பிய பிறகுதான் டம்ளரைத் தொடுவார். நானும் பதிலுக்குச் சுவரிடம் பேசப் பழகினேன்: "குழம்பு ஆறிடும்." இரண்டு பேரும் ஒரு சுவரோடு குடித்தனம் செய்தோம்.

என் நம்பிக்கை போய்விட்டது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அது எனக்கு எரிச்சலூட்டியதுபோல வேறெதுவும் ஊட்டவில்லை. காலேஜில் ஒருநாள் அடைகாத்த முட்டையின் ஓட்டைச் சிறிதாக உடைத்து, பூதக்கண்ணாடியில் உள்ளே பார்க்கச் சொன்னார்கள். கடுகளவு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அதுதான் இதயம். கழுத்து வரவேண்டிய இடத்தில் மீனின் செவுள் போல மடிப்பு மடிப்பாக இருந்தது. கோழி ஆவதற்கு முன்னால் அது மீனின் ஞாபகத்தை வைத்துக்கொண்டிருந்தது போல எனக்குத் தோன்றியது. மனிதக் கருவிலும் அதே மடிப்புகள் உண்டு என்றார் பேராசிரியை. அன்று மாலை கோவிலில் நற்கருணை ஆசீர்வாதத்துக்குப் போய் முழங்காலில் இருந்தேன். பயப்படுவேன் என்று எதிர்பார்த்துப் போனவளுக்குப் பயம் வரவில்லை. ஒரே நாளில் களிமண்ணைப் பிசைந்து முடித்துவிட்டுக் கை கழுவுகிற சர்வேசுரனைவிட, எண்ணமுடியாத காலம் பொறுத்திருந்து ஒரு கழுத்தை உண்டாக்கிய சர்வேசுரன் எனக்குப் பெரியவராகத் தெரிந்தார். அன்றைக்கு நான் சொன்ன செபத்தைப் போல அதற்கு முன் சொன்னதில்லை.

அதற்காக எல்லாம் சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். அடையாற்று முகத்துவாரத்துக்கு நான் அடிக்கடி நடந்து போவேன். வலை இழுத்த இடத்தில் வேண்டாத சின்ன மீன்களை மணலிலேயே உதறிவிட்டுப் போயிருப்பார்கள். வாயைத் திறந்து திறந்து மூடும். நண்டு வந்து உயிரோடு இழுத்துப் போகும், நண்டைக் கொக்கு கொத்தும். ஆதாமின் பாவத்தால்தான் சாவு உலகத்துக்குள் வந்தது என்பது எங்கள் ஞானோபதேசம். மனிதன் பாவம் செய்யாத காலத்திலேயே இத்தனை சாவு இருந்ததென்றால், இத்தனை சாவின் மேல் ஏறித்தான் நாம் வந்தோமென்றால், அதைச் செய்தவர் நல்லவரா? இதுதான் கேட்கத் தகுந்த கேள்வி. என் கேட்டில் பழத்தோல் தொங்கவிட்ட ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு வால்தான் பிரச்சினை. எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்: நான் கும்பிடுகிறவர் அந்தச் சாவுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவரல்ல, அதற்குள் இறங்கி ஆணியில் தொங்கியவர். இதற்கு மேல் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

தங்கைக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நான்தான் நிற்கவேண்டும் என்பது அவள் கல்யாணத்தன்றே பேசி வைத்தது. வெள்ளைச் சட்டையை வாங்கி வைத்திருந்தேன். தையல் வகுப்பின் புண்ணியத்தில் அதன் கழுத்தில் நானே கோணலாக ஒரு பூவும் போட்டிருந்தேன். பங்குச் சாமியாரிடம் பேர் கொடுக்கப் போனபோது அவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். படித்தவர். கத்தவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"வாலைப் பத்தி எனக்குக் கவலையில்லைம்மா. சனங்களுக்கு அதுதான் தெரியும். நான் வேற ஒண்ணு கேக்கறேன். ஆதாம்னு ஒருத்தன் இல்லன்னா, அவன் செஞ்ச பாவமும் இல்ல. சென்மப் பாவம் இல்லன்னா அதைப் போக்கறதுக்கு இரட்சகர் எதுக்கு? கல்வாரி எதுக்கு? ஒரு நூலை உருவினா முழுத் துணியும் வந்துடும். உருவிட்டு, ஞானஸ்நானத் தொட்டிகிட்ட வந்து நின்னு, இந்தப் புள்ளையோட சென்மப் பாவம் போகணும்னு நீ எப்படி வார்த்தைப்பாடு குடுப்பே?"

சரியான கேள்வி. அத்தனை பேர் கேட்ட மடத்தனங்களுக்கு நடுவே முதல்முறையாக ஒரு கேள்வி. நான் வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை. "பிள்ளைக்காக நான் மனசார வார்த்தைப்பாடு குடுப்பேன், சாமி" என்று மட்டும் சொன்னேன்.

"மொதல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணு. இந்தக் கொள்கையை விட்டுட்டேன்னு சொல்லு."

"நெஜம்னு தெரிஞ்ச ஒண்ணை நெஜம்னு நினைக்கறது பாவமா, சாமி? எதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கறது?"

"அப்போ ஞானத்தாய் வேற ஆளைப் பார்க்கச் சொல்லு. இன்னொண்ணும் சொல்லிடறேன். நீ வந்து முட்டி போட்டாலும் நான் உனக்கு நன்மை குடுக்கமாட்டேன்."

தங்கை எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தேன். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "அவர் தங்கச்சியையே ஞானத்தாயா வச்சிக்கறோம். அவர் வீட்ல ஏற்கெனவே பேசறாங்க, உங்கக்கா இப்படியாமேன்னு. உன் குரங்கை நீ வச்சிக்கோ அக்கா. என் புள்ளையை விட்டுடு."

வாங்கி வைத்த சட்டையை நான் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் பூசைக்குப் போனேன். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிற நேரம் எழுந்து போய் பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருந்த கிராதியில் மற்றவர்களோடு முழங்கால் போட்டேன். சாமியார் ஒரு முனையிலிருந்து வந்தார். என் இடப்பக்கம் இருந்த கிழவிக்குக் கொடுத்தார். நான் கண்ணை மூடி நாக்கை நீட்டினேன். என் முகத்துக்கு நேரே அங்கியின் காற்று பட்டுப் போயிற்று. கண்ணைத் திறந்தபோது அவர் என் வலப்பக்கம் இருந்தவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோவில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்தார்.

பகிரங்கப் பாவிக்குத்தான் அப்படி மறுக்கலாம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் போனேன், அடுத்த வாரமும் தாண்டிப் போனார். ஞாயிறு தவறாமல் போய் முட்டி போட்டேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். பாதி பக்தி, பாதி வீம்பு. என்னைத் தாண்டிப் போவதற்கு அவர் ஒவ்வொரு வாரமும் ஓர் அடி கூடுதலாக எடுத்து வைக்கட்டும் என்றிருந்தேன். என் பக்கத்தில் யாரும் முழங்கால் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் கிராதியில் எனக்கு இரண்டு பக்கமும் நிறைய இடம் கிடைத்தது.

இந்தச் செய்தி எப்படியோ தியாகராய நகருக்குப் போயிற்று. அப்போது அந்தப் பக்கம் பாதி மனை, பாதி வீடு. புதிய வீடு ஒன்றின் மாடியில் மதங்களை எதிர்க்கிறவர்கள் சிலர் வாசகசாலை நடத்தினார்கள். அதன் தலைவர் ஒரு வக்கீல். எங்கள் வீட்டுக்கே வந்து, "உங்களுக்கு நடந்த கொடுமையைக் கேள்விப்பட்டோம். எங்கள் கூட்டத்தில் பரிணாமத்தைப் பற்றிப் பேசுங்கள். பெண்கள் பேசினால் எடுபடும்" என்றார். மரியாதையாகப் பேசினார். அந்த நாளில் மரியாதைக்கு நான் பசித்திருந்தேன். போனேன்.

மாடி நிறைய ஆண்கள். பெண்கள் ஐந்தாறு பேர் இருந்திருக்கலாம். முட்டைக்குள் பார்த்ததைச் சொன்னேன், செவுள் மடிப்பைச் சொன்னேன், வாலெலும்பைச் சொன்னேன். கை தட்டினார்கள். எங்கள் பங்கில் என்ன நடந்தது என்று சொன்னேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பிறகு, "சர்வேசுரன் இந்த வழியாகத்தான் உலகத்தைப் படைத்தார் என்று நான் நம்புகிறேன்" என்றேன்.

கைதட்டல் நின்றது. யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கழுத்துல தொங்கறதைக் கழட்டி வச்சிட்டுப் பேசும்மா!"

"எதுக்குக் கழட்டணும்?" என்று கேட்டேன்.

"மனுசன் கொரங்குலேர்ந்து வந்தான்னா சாமி எங்கேர்ந்துமா வந்துச்சு?"

"சாமியாரு கஞ்சி ஊத்தறாரு, அதை விட மனசு வரல!"

வக்கீல் எழுந்து, என்னைக் காப்பாற்றுகிறவரைப் போலக் கையமர்த்தினார். "அம்மாவுக்கு இன்னும் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அறிவு வந்துவிட்டது, அச்சம் போகவில்லை. நாளடைவில் சரியாகிவிடும்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சரியாகிவிடும்! காய்ச்சலைச் சொல்வதுபோலச் சொன்னார். கோவிலில் என்னைப் பகைத்தவர்களாவது நான் நினைப்பதை நான்தான் நினைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்கள். இவர்கள் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

"அச்சமிருந்தால் இங்கே வந்திருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். சிரிப்பு தெருவரை வந்தது. கோபத்தில் பூங்கா ஓரமாக பஸ் நிறுத்தத்துக்கு வேகவேகமாக நடந்தேன்.

அதோடு போகவில்லை. அவர்கள் ஒரு துண்டறிக்கை அச்சடித்தார்கள். நான் பேசிய முன்பாதியைப் போட்டு, பின்பாதியை விட்டுவிட்டு, 'கிறிஸ்தவ ஆசிரியையே ஒப்புக்கொண்டார்: ஆதாம் கட்டுக்கதை' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. சாந்தோம் தேரோடும் வீதியெல்லாம் அதை விநியோகித்தார்கள். மதர் அதை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "திங்கட்கிழமை நீ வரவேண்டாம்" என்றார். முழுசாகச் சொன்னதைக் கேளுங்கள் என்றேன். "முழுசாக யார் படிக்கப் போகிறார்கள்?" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.

சில மாதம் வீட்டில் இருந்தேன். அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு. பிறகு மாம்பலத்தில் புதிதாகத் திறந்த ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நடத்தியவர்கள் மயிலாப்பூர் பிராமணக் குடும்பத்தார். தலைமையம்மாள் மடிசாரில், மூக்குக்கண்ணாடியோடு இருந்தார். பயந்து பயந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"அதனாலென்ன? எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. எங்காத்துல குரங்கைக் கும்பிட்டுண்டுதானே இருக்கோம்" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு. பொண்கள்ட்ட உங்க ஏசுவைப் பத்தி ஒரு வார்த்தை வரப்படாது."

வேலை கிடைத்தது. நன்றியோடு இருந்திருக்க வேண்டும். இருந்தேன், வெளியில். உள்ளே, அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. என் வாழ்க்கையை இரண்டாக அறுத்த விஷயம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு இடத்தில் எலும்பை மூடச் சொன்னார்கள், ஒரு இடத்தில் சிலுவையைக் கழற்றச் சொன்னார்கள், இங்கே எலும்பைக் காட்டலாம், சிலுவையைப் புடவைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் கற்பித்தேன்.

அப்பா நோயில் விழுந்தார். மார்பில் சளி கட்டி, மூச்சு இழுத்தது. நான்தான் துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன், கஞ்சி புகட்டினேன். அவர் வாயைத் திறந்தார், கண்ணை மூடிக்கொண்டு. டாக்டர் கைவிட்ட பிறகு அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியாரை அழைத்து வரச் சொல்லி அனுப்பினேன். தங்கையும் வந்தாள். சாமியார் அறைக்குள் வந்து, தைலத்தை எடுத்துவைத்துவிட்டு, "நம்பிக்கை உள்ளவங்க மட்டும் இருங்க" என்றார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்துதான் இருந்தார். கூரையைப் பார்த்தார்.

முற்றத்தில் வந்து நின்றேன். உள்ளே செபம் தொடங்கியது. இந்தப் பக்கம் நானும் தொடங்கினேன். சத்தமாக. சாவோருக்கான செபங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பாதான் சொல்லிக்கொடுத்தவர். அவர்கள் குரலை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தார் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். முடிந்ததும் சாமியார் என்னைக் கடந்து வாசலுக்குப் போனார். தங்கை அவரை வழியனுப்பப் பின்னால் போனாள். நான் உள்ளே போனேன்.

"சாமி போயிட்டாரா?" என்று கேட்டார் அப்பா. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"போயிட்டாருப்பா."

"உன் சத்தம்தான் பெரிசா கேட்டுது." மூச்சு வாங்கினார். "தண்ணி குடு."

கொடுத்தேன். இன்னும் ஏதோ சொல்வார் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தங்கை உள்ளே வந்ததும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார். அந்த மூன்று வாக்கியங்களை மன்னிப்பாக எடுத்துக்கொள்வதா, குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வதா என்று நான் வெகுகாலம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இரண்டுமாக இருக்கலாம்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்து எல்லோரும் கலைந்தபோது சாமியார் என்னிடம் வந்தார். "உங்கப்பா உன்னை நெனச்சே ஒடைஞ்சு போனாரு. இப்பவாவது யோசி."

அப்போது எனக்குப் பதில் வந்தது. அத்தனை நாளாகத் தேடியது, கோபத்தில் தானாக வந்தது.

"சாமி, அன்னைக்கு என்னை ஒண்ணு கேட்டீங்க. சென்மப் பாவத்தை நான் நம்பறேனான்னு. நம்பறேன். அதுக்கு எனக்குத் தோட்டமும் பாம்பும் தேவைப்படல, நம்ம பங்கே போதும். ஒருத்தியை ஒதுக்கறதுக்கு யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல, எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துது. எனக்கும் தெரிஞ்சிருக்கு, உங்களையெல்லாம் எப்படி வெறுக்கறதுன்னு. அது எங்கேர்ந்தோ நமக்கு வழிவழியா வந்திருக்கு. யாராவது வந்து நம்மளை அதுலேர்ந்து தூக்கி விடணும். இரட்சகர் எதுக்குன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான்."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது என்றுதான் இன்றும் எண்ணுகிறேன். ஆனால், "உனக்கு நாக்கு நீளம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறும் கிராதியில் என்னைத் தாண்டித்தான் போனார்.

பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் இளம் வயதுக்காரர். கிராதியில் என் முறை வந்தபோது, மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோல என் நாக்கிலும் வைத்துவிட்டு நகர்ந்தார். அவருக்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான். பங்கில் யாரும் போய்ச் சொல்லவில்லை. மனம் மாறியதால் அல்ல. சலித்துப் போயிருந்தது. வேறொரு வீட்டுப் பெண் வேறு மதத்துக்காரனோடு போய்விட்டாள், அவர்களுக்குப் பேச அது கிடைத்தது. நான் பெஞ்சுக்குத் திரும்பி வந்து அழுதேன். சந்தோஷம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு ஆத்திரம். இத்தனை சுலபமாக இருந்ததா இது?

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முன்னிருந்த சாமியார் மேலும், பங்கு சனங்கள் மேலும், தங்கை மேலும் தீராத பகை வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார் புதியவர். சொன்னேன்.

"பகைக்காக மூணு மங்கள வார்த்தை செபம் சொல்லுங்க" என்றார், வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து.

"மத்தது, சாமி?"

"மத்தது எது? நீங்க பாவம்னு சொன்னது ஒண்ணுதானே."

வெளியே வந்து முழங்கால் போட்டு மூன்றையும் சொன்னேன். வார்த்தை ஒன்றும் விடவில்லை. பகை அப்படியேதான் இருந்தது. அடுத்த மாதமும் அதையே போய்ச் சொன்னேன்.